அறியா வினாவும் ஐய வினாவும்

நெய்வேலி நகரியத்தில் எங்களுக்கு அடுத்த வட்டத்தில் வசிக்கும் பொறியியல் மாணவி ஒருவர், சில மாதங்களுக்கு முன் தம் மடிக்கணினியுடன் வந்தார். திறமூல மென்பொருள் ஒன்றில் 'கொள்ளிடம்' என்ற சொல்லைத் தேடினால் கிடைக்கவில்லை. அச்சொல்லோ திரையிலேயே இருந்தது. "உருவாக்கியவர்களிடமே கேட்கலாமே" என்றேன். "என்ன நினைப்பார்களோ சார், என் ஆங்கிலமும் சுமார்தான்" என்றார்.

திறன் இருந்தும் நம் இளைஞர்கள் பலர் திறமூலத் திட்டங்களின் வாசலிலேயே நின்றுவிடுவதற்கு இந்தத் தயக்கமே காரணம். ஆனால், லினக்ஸ் இயங்குதளத்தின் கதையே கேள்வியில்தான் தொடங்குகிறது. 1991 ஜூலையில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் பயனர்களிடம் 'போசிக்ஸ்' தரவிதிகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அப்போது அவருக்கு வயது 21. ஆகஸ்டில், தாம் எழுதிவரும் இயங்குதளத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அவர்களிடமே மீண்டும் கேட்டார்.

கேட்பதில் தவறில்லை, எப்படிக் கேட்கிறோம் என்பதே முக்கியம். பள்ளியில் நன்னூல் வழி நாம் படித்த ஆறு வகை வினாக்களில் இரண்டு இங்கே உதவும். ஒன்றும் தெரியாமல் கேட்பது அறியா வினா. கயிறா, பாம்பா என்று கேட்பது ஐய வினா. பின்னதைக் கேட்பவர் ஏற்கெனவே உற்றுப் பார்த்திருக்கிறார். பதில் சொல்பவரின் வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது. அந்தப் பாதி முக்கியமானது. ஏனெனில், பல திட்டங்களில் பதில் சொல்பவர்கள் சொந்த வேலை முடிந்த பிறகு ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்கள்.

மாணவி முதலில் எழுதியது, 'தமிழில் தேடல் வேலை செய்யவில்லை, உதவுங்கள்' என்ற ஒற்றை வரி. அதை அனுப்ப வேண்டாம் என்றேன். எங்கள் சுரங்கங்களில் மேல்மண்ணை அகற்றி, அடியிலிருந்து அழுத்தத்துடன் மேலெழும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் பழுப்பு நிலக்கரியை எடுக்க முடியும். கேள்விக்கும் அப்படி ஒரு முன்வேலை உண்டு. ஆவணங்களைப் படிப்பது, இதே கேள்வியை வேறு யாரேனும் முன்பே கேட்டிருக்கிறார்களா என்று தேடுவது, சிக்கலை மிகச் சிறிய எடுத்துக்காட்டாகச் சுருக்குவது.

அப்படிச் சுருக்கியபோதுதான் 'கொ' பிடிபட்டது. ஒருங்குறியில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சமப்படுத்தாமல் ஒப்பிடும் நிரலுக்கோ அவை வெவ்வேறு.

இரண்டாம் கடிதத்தில் மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது ஆகியவை இருந்தன. பிழை தேடலில் உள்ளதா, தட்டச்சுக் கருவியில் உள்ளதா என்ற ஐய வினாவுடன் கடிதம் முடிந்தது. படத்துக்குப் பதிலாக எழுத்தையே ஒட்டியிருந்தார். படத்தைப் பார்த்துக் குறியீடுகளைப் பிரித்தறிய முடியாதல்லவா? வாக்கியங்கள் எளியவை. இலக்கணப் பிழை ஒன்றிரண்டு இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

தனி ஒருவருக்கு எழுதாமல் பொதுவில் கேட்பதும் அவசியம். அப்போதுதான் ஒருவருக்குக் கிடைக்கும் பதில் பின்னால் வருபவர்களுக்கும் பயன்படும். உடனே பதில் வராவிட்டால் சில நாள் பொறுத்து, பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம்.

பொறுப்பு கேட்பவருக்கு மட்டுமன்று. கடுஞ்சொல்லுக்குப் பெயர்பெற்ற டோர்வால்ட்ஸே 2018-இல் தம் நடத்தைக்கு மன்னிப்புக் கோரினார். புதியவரை ஏளனம் செய்யும் குழு, நாளைய பங்களிப்பாளரை இழக்கிறது. ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்களிடம் தமிழிலேயே கேட்டுத் தொடங்கலாம்.

மாணவிக்கு மூன்றாம் நாள் பதில் வந்தது, பிழை தேடலில்தான். தீர்வைச் சோதித்துப் பார்த்து, அது வேலை செய்வதை அதே இடத்தில் நன்றியுடன் எழுதினார். சென்ற வாரம் வேறொரு புதியவரின் அறியா வினாவுக்கு அவர் பதில் எழுதிக்கொண்டிருந்தார். முதல் வரியில், எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டிருந்தார்.