பழைய மில்லிங் மெஷின்: டிரைவ் போட்டாலும் பெல்ட்டைக் கழற்றாதீங்க

திருப்புட்குழி மாதிரி ஊரில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் பழைய மில்லிங் மெஷினைப் போட்டால் முதல் சிக்கல் கரண்ட்தான். வீட்டு லைன் சிங்கிள் ஃபேஸ். மெஷின் மோட்டார் த்ரீ ஃபேஸ். வி.எஃப்.டி. டிரைவ் ஒன்று போட்டால், 230 வோல்ட்டை வாங்கி மூணு ஃபேஸாகக் கொடுக்கும், வேகத்தையும் மாற்றும். மோட்டார் பிளேட்டில் '230 டெல்டா / 415 ஸ்டார்' என்று இருந்தால் டெல்டாவுக்கு மாற்றிக் கட்டணும். ஸ்டாரிலேயே விட்டால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

'இனி பெல்ட் எதுக்கு?'ன்னு மட்டும் கழற்றிடாதீங்க. 2 ஹெச்.பி. மோட்டாரை 50 ஹெர்ட்ஸிலிருந்து 25-க்கு இறக்கினால் முறுக்குவிசை அதிகமாகாது, அப்படியேதான் இருக்கும். திறன் 1 ஹெச்.பி. ஆயிடும். பெல்ட்டை மாற்றி வேகத்தைப் பாதியாக்கினால் முறுக்குவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரும்பில் பெரிய கட்டர் ஓட்ட அதுதான் வேணும். மோட்டார் மெதுவாகச் சுத்தினால் அதோட விசிறியும் மெதுவாகும், சூடு ஏறும். பெரிய மாற்றத்துக்கு பெல்ட், சின்ன மாற்றத்துக்கு டிரைவ்.