தகுதியை யார் சரிபார்ப்பது?

அமெரிக்க அதிபராக வேண்டுமானால் பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 14 ஆண்டுகள் அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். இவற்றை யார் சரிபார்ப்பது என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை. தேர்தலை நடத்துவதோ மாநிலங்கள். அப்போதைய அதிபர் ஒபாமா அமெரிக்க மாநிலமான ஹவாயில் பிறக்கவில்லை என்ற வதந்தி பரவிய சூழலில், 2011இல் அரிசோனா சட்டமன்றம் ஒரு மசோதா நிறைவேற்றியது: பிறப்பை ஆவணத்தால் நிரூபிக்காத வேட்பாளரின் பெயர் வாக்குச்சீட்டில் வராது. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் ஞானஸ்நானச் சான்று போன்றவற்றைக்கூடக் காட்டலாம். ஆளுநர் ஜேன் புரூவர், அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான், அதை நிராகரித்தார். வேட்பாளரின் கதியை ஒரே அதிகாரியின் கையில் ஒப்படைப்பது ஆபத்து என்றார். அது சரியான முடிவு.

அப்படியானால் தகுதியற்றவரும் போட்டியிடலாமா என்று கேட்பது நியாயமே. அப்படியல்ல. 2012இல் 27 வயது வேட்பாளர் ஒருவரைக் கலிபோர்னியா வாக்குச்சீட்டில் சேர்க்க மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. அங்கே அவருடைய வயதில் யாருக்கும் சந்தேகமில்லை. சர்ச்சைக்குரிய தகுதி வேறு விஷயம். கிளர்ச்சியில் ஈடுபட்டார் என்று டிரம்ப்பைக் கொலராடோ வாக்குச்சீட்டிலிருந்து நீக்கியதை 2024இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. எனவே மாநிலங்கள் எந்தச் சட்டம் எழுதினாலும், மறுக்கப்பட்ட வேட்பாளர் வாக்குச்சீட்டு அச்சாகும் முன்பே நீதிமன்றம் செல்ல அதில் வழி இருக்க வேண்டும்.