முள் மண்டிய நிலமும் மறுவாழ்வு பெறும்



செய்யாற்றங்கரையில் உள்ள கலசப்பாக்கம் பகுதியில் பல குடும்பங்களுக்குத் தாத்தா காலத்து அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ நிலம் உண்டு. பிள்ளைகள் ஆரணிப் பக்கம் பட்டுத் தறிக்கும், சென்னை, பெங்களூருக்கு வேறு வேலைக்கும் போய்விட்டார்கள். நிலம் புதர் மண்டிவிட்டது. "இனி இது எதற்கு உதவும்? விற்றுவிடலாமா?" என்று கேட்கிறார்கள்.

நிலத்துக்கு ஓய்வு தரச் சொல்கிறது விவிலியம். ஏழாம் ஆண்டில் அது சும்மா கிடக்கட்டும், அதில் விளைவதை ஏழைகள் உண்ணட்டும் என்பதே அதன் கருத்து (விடுதலைப் பயணம் 23:10-11). ஆனால் ஓய்வு வேறு, கைவிடுதல் வேறு. கைவிடப்பட்ட நிலத்தில் ஏழைக்கும் பங்கில்லை, முள்ளுக்குத்தான் பங்கு.

நம் நிலங்களை மூடியிருப்பது பெரும்பாலும் சீமைக்கருவேல மரம். நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மரம் 1870-களில் விறகுத் தேவைக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் இனிப்பான காய்களை ஆடுமாடுகள் தின்று, சாணத்தோடு விதைகளைப் பரப்புகின்றன. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும் என்று சொல்வதற்குச் சான்று இல்லை. ஆனால் ஆழமாக வேரோடி, மற்றச் செடிகளை வளரவிடாது என்பது உண்மை. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டது. 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது. ஆயினும் நம் நிலத்தை நாம்தான் திருத்த வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

1. முதலில் நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். பாம்பு, தேன்கூடு, புதரில் மறைந்த பாழ்கிணறு ஆகியவற்றைக் கவனியுங்கள். வேம்பு, புங்கன், நாட்டுக் கருவேலம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

2. சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் அடிமரம் மீண்டும் துளிர்க்கும். துளிர்க்கும் மொட்டுகள் வேரின் தலைப்பகுதியில் இருப்பதால், ஓர் அடி ஆழம் தோண்டி வேரோடு எடுக்க வேண்டும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது சிறு கன்றுகளைக் கையாலேயே பிடுங்கலாம். பெரிய மரங்களுக்குப் பொக்லைன் தேவைப்படும்.

3. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே பிடுங்குங்கள். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் வரலாம் என்பதால் கையுறை அணியுங்கள்.

4. கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. ஈரத்தில் உழுதால் கிழங்கு பிரிந்து பரவும். சித்திரை வெயிலில் உழுது புரட்டினால் காய்ந்துபோகும்.

5. புதரைக் கொளுத்த வேண்டாம், மண்ணில் வாழும் உயிர்களும் வெந்துபோகும். களைக்கொல்லியையும் எளிதாக நாட வேண்டாம். கிளைபோசேட் மருந்தைப் பயிற்சி பெற்றோர் மட்டுமே தெளிக்கலாம் என்று 2022-இல் மத்திய அரசு கட்டுப்படுத்தியது.

6. சுத்தம் செய்த நிலத்தை வெறுமனே விடாதீர்கள். விட்டால் முள் மீண்டும் குடியேறும். தக்கைப்பூண்டு, சணப்பை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் அதுவே உரம். தானியம், பயறு, எண்ணெய் வித்து எனப் பலவற்றைக் கலந்து விதைத்து உழும் முறையை இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் (1938-2013) ஊர்தோறும் எடுத்துச் சொன்னார். முதல் பயிராகக் கொள்ளு, காராமணி போடலாம். மண் தேறிய பின் மல்லாட்டை போடலாம்.

ஒரே ஆண்டில் வேலை முடியாது. விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்திருக்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் முளைத்த கன்றுகளைப் பிடுங்க வேண்டும். கனி தராத அத்தி மரத்துக்கு இன்னும் ஓராண்டு கேட்டு, சுற்றிலும் கொத்தி எருப்போட முன்வந்த தோட்டக்காரரின் பொறுமை இங்கே தேவை (லூக்கா 13:6-9).

இன்னொன்றையும் மறவாதீர்கள். முள் வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் சொந்த நிலம் இல்லாதவர்கள். அவர்களுக்கு முழுக் கூலி கொடுங்கள், விறகையும் கரியையும் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். உங்களால் உழ இயலாவிட்டால், நிலமில்லாத பக்கத்து வீட்டுக் குடும்பத்திடம் சில ஆண்டுகளுக்குப் பயிரிடக் கொடுங்கள். என்ன ஏற்பாடு என்பதை எழுதி வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நல்லது. அவர்களுக்குச் சோறு, உங்கள் நிலத்துக்கு உயிர்.

விற்பதற்கு முன் ஒருமுறை அந்த நிலத்துக்குப் போய்ப் பாருங்கள். கடப்பாரையையும் மண்வெட்டியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.