சாப்பிட மறுக்கும் குழந்தையும் நம் வீட்டுப் பந்தியும்



எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரத்தை வாசிக்கும் தாய்மார்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். பாலைநிலத்தில் நாள்தோறும் மன்னா கிடைக்கிறது. மக்களோ அதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். மோசே பொறுமை இழந்துபோய், இவ்வளவு பேரையும் இடுப்பில் தூக்கிச் சுமக்க இவர்களைப் பெற்றவன் நானா என்ற பொருளில் ஆண்டவரிடமே முறையிடுகிறார். காலை ஏழரை மணிக்கு, பள்ளி வேன் வரும் நேரத்தில், இட்லித் தட்டோடு பிள்ளையின் பின்னால் ஓடும் எந்தத் தாயும் மோசேயின் மனநிலையை உடனே புரிந்துகொள்வாள்.

இந்தப் பிரச்சினையைச் சிறிது என்று ஒதுக்கிவிட முடியாது. 2019–21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகளை வெளியே அனுப்பும் நாமக்கல்லும், மரவள்ளியும் மாம்பழமும் விளையும் சேலமும் அந்தத் தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஷிப்டுக்குப் போகிற பெற்றோர், பத்து ரூபாயைக் கையில் கொடுத்துப் பாக்கெட் ஒன்று வாங்கித் தின்னச் சொல்லிவிட்டுப் போக வேண்டிய நிலை இருக்கிறது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி ஓட்டும் தகப்பன் பல நாள்களுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறார். வரும்போது பிள்ளை ஆசையாகக் கேட்பதை வாங்கிக் கொடுக்கிறார். யாரையும் குறை சொல்ல நாம் இங்கே வரவில்லை. பிள்ளை ஏன் மறுக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை, முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிவிடுகிறது. அதன் பிறகு ஆண்டுக்குச் சுமார் இரண்டு கிலோதான் கூடும். வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. ஒன்றரை வயதில், முன்பெல்லாம் நன்றாகச் சாப்பிட்ட பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று பாட்டி கவலைப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். அதே வயதை ஒட்டித்தான் புதிய உணவைக் கண்டால் அஞ்சும் குணமும் தலைகாட்டுகிறது. நடக்கத் தொடங்கிய பிள்ளை கண்டதையெல்லாம் வாயில் போட்டுவிடாமல் இருக்க இயற்கை வைத்த காவல் அது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இரண்டு வயது முதல் ஆறு வயதுவரை அது அதிகமாக இருக்கும். பிறகு மெல்லத் தணியும். ஆகவே கீரையைத் துப்புகிற மூன்று வயதுப் பிள்ளை அடம்பிடிக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொரு காரணம் மிக எளியது: வயிறு காலியாக இல்லை. காலையில் ஒரு டம்ளர் பால், பத்து மணிக்குப் பிஸ்கட், பதினொன்றரைக்கு மறுபடி பால் என்று போனால் மதியம் சோறு எங்கே இறங்கும்? பால் நல்லதுதான். ஆனால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் அது சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. டீயோ, உணவில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கவும் செய்கிறது. சிறு பிள்ளைக்கு டீயில் பன் நனைத்துக் கொடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடலாம்.

சரி, மறுக்கிற பிள்ளையை எப்படிச் சாப்பிட வைப்பது? பூச்சாண்டி, போலீஸ் மாமா, ஊசி போடும் டாக்டர் ஆகிய மூவரையும் நம் ஊர் நெடுங்காலமாக நம்பிவந்திருக்கிறது. இப்போது நான்காவதாகச் செல்போன் சேர்ந்திருக்கிறது. படம் ஓடும்போது பிள்ளை வாயைத் திறக்கிறது, உண்மைதான். எதைத் தின்கிறோம், வயிறு எப்போது நிறைந்தது என்பது மட்டும் அதற்குத் தெரியாமல் போகிறது. பொரியலை முடித்தால் சாக்லேட் என்று பேரம் பேசுவதும் உதவாது. லீன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதைச் சோதித்துப் பார்த்தார். பரிசு தருவதாகச் சொல்லிக் குடிக்கவைத்த பானத்தின்மீது குழந்தைகளுக்கு இருந்த விருப்பம் குறைந்துபோயிற்று. கூலி கொடுத்துச் செய்யச் சொல்வது கசப்பான வேலையாகத்தான் இருக்கும் என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடுகிறது!

அதே பர்ச் 1980இல் வெளியிட்ட வேறோர் ஆய்வு நமக்கு இன்னும் பயனுள்ளது. ஒரு காயை அவ்வளவாக விரும்பாத குழந்தையை, அதை விரும்பி உண்ணும் குழந்தைகளின் நடுவே சில நாள் மதிய உணவுக்கு உட்கார வைத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தக் குழந்தை தானாகவே அந்தக் காயை எடுக்கத் தொடங்கியது.

இதற்கு நாம் அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. வீட்டில் தொடாததைப் பள்ளியில் மட்டும் எப்படித் தின்கிறான் என்று வியக்கும் தாய்மார் நம் பங்கிலேயே இருப்பார்கள். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் முட்டை சேர்ந்தது. படிப்படியாகக் கூடி 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை கிடைக்கிறது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2013இல் இன்னொரு மாற்றம் வந்தது. தினமும் ஒரே சோறு சாம்பார், அவித்த முட்டை என்றிருந்ததை மாற்றி, கறிவேப்பிலை சாதம், தக்காளி சாதம், கொண்டைக்கடலை புலாவ் என்றும், முட்டைக்கு மிளகும் தக்காளி மசாலாவும் சேர்த்தும் கொடுத்தார்கள். முதலில் மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியத்தில் முயன்று பார்த்து, பிறகு பரவலாக்கினார்கள். பொருள் ஏறக்குறைய அதேதான், பக்குவம் மாறியது. வரிசையாக உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளை தின்பதைப் பார்த்துத் தின்பது மட்டும் மாறவில்லை. 2024 ஜூலை 15 முதல் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. திருச்சபை நடத்தும் பள்ளிகள் பலவும் இதில் அடங்கும். பிள்ளை அங்கே படித்தால், காலைப் பந்தியில் உட்காரவைக்கக் கூச்சப்படாதீர்கள்.

இதையே நம் முன்னோர் நிலாச்சோறு என்றும் கூட்டாஞ்சோறு என்றும் வைத்திருந்தார்கள். பாட்டி பெரிய சட்டியில் பிசைந்து, சுற்றி அமர்ந்த பேரப்பிள்ளைகளின் கையில் உருண்டை உருண்டையாக வைப்பார். எந்தப் பிள்ளைக்கும் எண்ணிப் போடவில்லை, எந்தப் பிள்ளையின் வாயிலும் திணிக்கவில்லை. அடுத்தவன் கை நீட்டுகிறான் என்பதற்காகவே இவனும் கை நீட்டினான்.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு சான்று தெருமுனையிலேயே இருக்கிறது. வீட்டில் பீட்ரூட் பொரியலைக் கண்டால் ஓடும் பிள்ளை, மாலையில் தட்டுவடை செட் கடையில் என்ன செய்கிறது? இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், புதினா மல்லிச் சட்னி எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுக் கடிக்கிறது. இன்னொன்று வேண்டும் என்றும் கேட்கிறது. அது மொறுமொறுவென்று இருக்கிறது, காரசாரமாக இருக்கிறது, சுற்றி நண்பர்கள் நிற்கிறார்கள், தின்னு தின்னு என்று யாரும் சொல்லவில்லை. குழைய வேகவைத்த பீட்ரூட்டை மட்டும் வைத்துப் பிள்ளைக்குக் காய் பிடிக்காது என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். வீட்டிலேயே காயைத் துருவி, சட்னி அரைத்து வைத்துவிட்டுப் பிள்ளையையே அடுக்கச் சொல்லுங்கள். தட்டுவடை எண்ணெயில் பொரித்ததுதான், எப்போதாவது போதும். துருவிய காய்க்குத் தோசையும் தோதாக இருக்கும்.

அடுத்து வருவது கொஞ்சம் உறுத்தக்கூடிய செய்தி. கம்பங்கூழும் ராகிக்களியும் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்கிறோம். வீட்டில் அதை யார் உண்கிறார்கள்? பாட்டி மட்டும் அடுப்படியில் தனியாகக் கரைத்துக் குடிக்கிறார். மற்ற எல்லார் தட்டிலும் வெள்ளைச் சோறு. அது வயதானவர்களின், இல்லாதவர்களின் சாப்பாடு என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. நூறு கிராம் ராகியில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. கம்பில் இரும்புச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு. யோவான் நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் ஒரு சிறுவன் கொண்டுவந்த அப்பங்கள்கூட, அந்நாளில் எளியோர் உண்ட வாற்கோதுமையில் சுட்டவைதான்.

ஆனால் சிறுதானியம் நம் தட்டைவிட்டுப் போனதற்கு நாக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நம் கண்ணெதிரே நிற்கும் கொல்லிமலையைப் பாருங்கள். சாமையும் தினையும் ராகியும் விளைந்த அந்த மலையில், கீழே சேலம் நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியது, காசு கிடைத்தது. சாமையை உமி நீக்கிச் சோறாக்குவதோ உரலில் பெண்கள் மணிக்கணக்கில் குத்த வேண்டிய வேலை. ரேஷன் அரிசி கிடைக்கும்போது யார் குத்துவார்கள்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பணி தொடங்கியபோது இதைத்தான் கண்டது. சத்தைப் பற்றிப் பேசியதோடு நில்லாமல், ஊர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களை வைத்து, அவற்றை மகளிர் குழுக்களின் பொறுப்பில் விட்டது. பெண்களின் தோள்வலி குறைந்தால்தான் சாமைச்சோறு அடுப்புக்குத் திரும்பும் என்பதை அது புரிந்துகொண்டது.

நம் வீடுகளிலும் இதே கதைதான். சத்தான வீட்டுச் சாப்பாடு என்று பேசும்போதெல்லாம் அந்தச் சுமை ஒரு பெண்ணின் தலையில்தான் இறங்குகிறது. எட்டு மணி நேரம் தறி ஓட்டிவிட்டு வந்தவரிடம் இரண்டு பொரியலும் ஒரு கூட்டும் கேட்பது நியாயமில்லை. அரிசிம்பருப்புச் சோற்றில் ஒரு பிடி முருங்கைக்கீரையைப் போட்டு, மேலே எலுமிச்சை பிழிந்தால் அன்றைய சமையல் முடிந்தது. அந்த எலுமிச்சை, கீரையின் இரும்புச்சத்தை உடலில் சேர்க்கவும் உதவும். பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறு குழம்பு, ஓர் அவித்த முட்டை எல்லாம் அரைமணி வேலைகள். பத்து ரூபாய்ப் பாக்கெட்டின் விலைக்கு ஒரு முட்டை வருகிறது. அதில் சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. ஜவ்வரிசிக் கஞ்சியை மட்டும் சத்துக் கஞ்சி என்று நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் மாவுச்சத்துதான். பாலோ பாசிப்பருப்போ சேர்த்துக் காய்ச்சுங்கள். அடுப்பை மூட்டுவது ஆண்களுக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் யோவான் 21ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கட்டும். திபேரியக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆக்கிவைத்துச் சீடர்களைச் சாப்பிடக் கூப்பிட்டவர் உயிர்த்த ஆண்டவரே.

பந்தி நடத்துவதற்கு எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் சொன்ன ஒரு பங்கீடு உண்டு. என்ன சமைப்பது, எப்போது, எங்கே உண்பது என்பது பெற்றோரின் பொறுப்பு. உண்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்க எளிது, செய்யக் கடினம், அதுவும் அப்பாயியும் அம்மாயியும் பக்கத்தில் இருந்தால். பிள்ளைக்குத் தெரிந்த உணவு ஒன்று தட்டில் கட்டாயம் இருக்கட்டும். புதியது ஒரு தேக்கரண்டி போதும். தொடாவிட்டால் திட்டாமல் எடுத்துவிடுங்கள், நான்கு நாள் கழித்து மறுபடி வையுங்கள். ஒரு புதிய சுவை பழகப் பத்து முறைகூட ஆகலாம். பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் முறையோடு கைவிட்டுவிடுகிறார்கள். மறுத்த பிள்ளைக்கென்று தனியாக நூடுல்ஸ் கிண்டக் கூடாது. அடுத்த வேளைவரை தண்ணீர் கொடுக்கலாம், வாழைப்பழமோ கடலை மிட்டாயோ வேளைக்கு வேளை கொடுக்கலாம். இடையிடையே கொறிக்க வேண்டாம். மூன்று வேளையும் சேர்ந்து உண்ண இயலாத குடும்பம் ஒருவேளையாவது உண்ணட்டும். ஷிப்டு காரணமாக அதுவும் இயலாவிட்டால் ஞாயிறு திருப்பலி முடிந்து வந்து, டிவியை அணைத்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே சட்டியிலிருந்து பரிமாறுங்கள். அன்பியக் கூட்டத்திற்கு வாங்கும் பிஸ்கட்டுக்குப் பதில் அவித்த கடலையோ சுண்டலோ வைப்பதைப் பற்றியும் யோசிக்கலாம்.

மாற்கு நற்செய்தியில் யாயிரின் பன்னிரண்டு வயது மகளை எழுப்பிய பின் இயேசு, சிறுமிக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி வீட்டாரிடம் சொல்லுகிறார். உடல்நலம் தேறிய பிள்ளையின் பசி அவருக்கு மறக்கவில்லை. எனவே மறுப்புக்குப் பின்னால் நோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எடை கூடாமல் நின்றுவிட்டாலோ குறைந்தாலோ, முகம் வெளுத்து எப்போதும் சோர்ந்திருந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரை ஏறினாலோ, மண்ணோ சாம்பலோ தின்றாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஒன்று முதல் பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்கும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த நாளில் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள். தட்டில் எவ்வளவு மிஞ்சியது என்று நாள்தோறும் கணக்குப் பார்ப்பதைவிட, அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறிக்கும் வளர்ச்சி அட்டையைப் பார்ப்பது பயன்தரும். புள்ளி போன மாதத்தைவிட மேலே ஏறியிருக்கிறதா என்று அங்குள்ள பணியாளர் காட்டுவார். அடுத்த முறை எடை பார்க்கும்போது அப்பாவும் ஊரில் இருந்தால், பிள்ளையை அவர் தூக்கிக்கொண்டு போகட்டும்.