உங்களுக்குத் தெரியுமா? கரிசலுக்கு அடியில் எண்ணெய் ஏன் இல்லை?

அருப்புக்கோட்டையில் கிணறு வெட்டினால் கரிசலுக்குக் கீழே கடினப்பாறை வந்து முட்டும். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் உருமாறிய பாறை அது. எண்ணெய் விளைய 60 முதல் 120 டிகிரியே போதும்; 700 டிகிரியில் எண்ணெய் மிஞ்சாது. அதனால் பெட்ரோலிய நிலவியலாளர் இங்கே தேடுவதில்லை. ஆனால் திருச்சுழியைத் தாண்டிக் கிழக்கே போகப் போக இந்தப் பாறை ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அதன்மேல் படிவுகள் தடிக்கின்றன. கோண்டுவானா என்ற பழைய பெருநிலப்பரப்பு பிளந்தபோது உண்டான காவிரிப் படுகையின் தெற்குப் பகுதி அது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓஎன்ஜிசி எரிவாயு எடுப்பது அங்கிருந்துதான். வழுதூர் மின் நிலையம் எரிவாயுவில் ஓடுவதும் அதனால்தான்.

துளையிடும் தளத்தில் நிலவியலாளருக்கு இரவு பகல் கிடையாது. துளைக்குள் செலுத்தும் சேற்றுக் குழம்போடு மேலே வரும் பாறைத்துகளைக் கழுவி, நுண்ணோக்கியில் பார்த்து, புறஊதா விளக்கில் காட்டுவார். எண்ணெய்ப் பசை இருந்தால் துகள் ஒளிரும். ஆழக் கிணற்றில் ஒரு துகள் மேலே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டால்தான் அது எந்த ஆழத்துத் துகள் என்று சொல்ல முடியும். மிகவும் பொறுப்பான வேலை! துகளில் சிக்கியிருக்கும் நுண்ணிய கடலுயிரி ஓடுகள் பாறையின் வயதைக் காட்டிக்கொடுக்கும்.

படுகைக்குள் புதைந்து கிடக்கும் கிரெட்டேசியக் காலப் படிவுகளை நேரில் தொட்டுப் பார்க்க நிலவியலாளர்கள் போகும் ஊர் அரியலூர். அங்கே அவை தரைக்கே வந்து கிடக்கின்றன.