வாய்க்காலில் ஊற்றும் ஒரு மீன்

மாணவர்களே, செகிஞ்சான் பக்கம் போயிருக்கிறீர்களா? பச்சைப் பசேலென்ற நெல் வயல்களைப் படம் பிடிக்கத்தான் பலரும் அங்கே வருகிறார்கள். அடுத்த முறை போனால், வயலை ஒட்டி ஓடும் தாலி ஆயரையும் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். கலங்கிய தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள். இரண்டாம் படிவ அறிவியலில் நீங்கள் படிக்கும் உணவு வலை முழுவதும் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது.

யார் யாரைத் தின்கிறார்கள்?

முதலில் உற்பத்தியாளர்கள். தண்ணீரைப் பச்சையாக்கும் பாசியும் நீர்ச்செடிகளும் சூரிய ஒளியைக் கொண்டு தங்கள் உணவைத் தாங்களே தயாரிக்கின்றன. கண்ணுக்கே தெரியாத பாசிகளை மிதவை உயிரிகள் தின்கின்றன. அவற்றையும் கொசுப் புழுக்களையும் சின்ன மீன்கள் தின்கின்றன. செப்பாட் மீனுக்குப் பாசியும் உணவு, நுண்ணுயிர்களும் உணவு. புயு என்று நாம் சொல்லும் பனையேறிக் கெண்டை, பூச்சி, இறால், குட்டி மீன் என எது கிடைத்தாலும் விடாது. இவற்றுக்கெல்லாம் மேலே ஹாருவான், அதாவது விரால். கரையோரத்தில் காத்திருக்கும் கொக்கும் மீன்கொத்தியும் நீர்நாயும் இதே வலையில் சேர்ந்தவைதான்.

ஒரு தாலி ஆயரில் சின்ன மீன்கள் ஏராளமாக இருக்க, விரால் மட்டும் ஏன் குறைவாக இருக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் உயிர் தின்னும் உணவிலுள்ள சக்தியில் பெரும்பகுதி அது நீந்துவதற்கும் மூச்சு விடுவதற்கும் செலவாகிவிடும். ஒரு பகுதி கழிவாகவும் வெளியேறும். ஏறக்குறைய 10 விழுக்காடுதான் அடுத்த படிக்குப் போகிறது. பாசியில் 1,000 பங்கு சக்தி இருந்தால் மிதவை உயிரிகளுக்கு 100, சின்ன மீன்களுக்கு 10, விராலுக்கு 1 பங்குதான் கிடைக்கும். மேல்படியில் இடம் மிகக் குறைவு. அந்தக் குறுகிய இடத்தில் புதிதாக ஒரு பெரிய வேட்டை மீனைக் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்?

காத்துன் ஏரியில் நடந்தது

இந்தக் கேள்விக்கு விடை மத்திய அமெரிக்காவில் கிடைத்தது. பனாமா கால்வாய்க்காக ஓர் ஆற்றில் அணை கட்டியதால் உருவான பெரிய நீர்த்தேக்கம், காத்துன் ஏரி. தென் அமெரிக்காவைச் சேர்ந்த பீகாக் பாஸ் என்னும் மீன் 1960களின் இறுதியில் தற்செயலாக அந்த ஏரிக்குள் புகுந்து பரவியது. வாலின் அடியில் மயில் தோகைக் கண்போல ஒரு புள்ளி இருப்பதால் அதற்கு அந்தப் பெயர்.

தாமஸ் ஸாரெட், ராபர்ட் பெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த ஏரியை ஆராய்ந்து 1973இல் முடிவை வெளியிட்டார்கள். பீகாக் பாஸ் பரவிய இடங்களில், முன்பு சாதாரணமாகக் கிடைத்த எட்டு வகை மீன்களில் ஆறு வகை காணாமற் போயிருந்தன. சின்ன மீன்களை நம்பியிருந்த நீர்ப்பறவைகளும் அங்கே குறைந்தன. மிதவை உயிரிகளின் கூட்டமும் மாறிப்போனது. கொசுப் புழுக்களைத் தின்ற மீன்கள் போய்விட்டதால் மலேரியாக் கொசு பெருகக்கூடும் என்றும் அவர்கள் எச்சரித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். பீகாக் பாஸ் ஒரு பறவையைக்கூடக் கடிக்கவில்லை. அது தின்றது சின்ன மீன்களை. ஆனால் பாதிப்பு ஆகாயத்தில் பறக்கும் பறவை வரைக்கும் போனது. வலையில் ஒரு நூலை இழுத்தால் மற்ற நூல்களும் இழுபடும் என்பது இதுதான். 45 ஆண்டுகள் கழித்து வேறு ஆய்வாளர்கள் அதே ஏரியைப் பார்த்தபோதும், அங்குள்ள மீன் கூட்டம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை.

நம் ஊருக்கு என்ன சம்பந்தம்?

நம் நாட்டில் தூண்டில்காரர்கள் ‘ஈக்கான் ராஜா’ என்று ஆசையாகத் தேடிப் போகும் மீன் இதே பீகாக் பாஸ்தான். சிலாங்கூர், பேராக் மாநிலங்களின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் அது இப்போது குஞ்சு பொரித்து வாழ்கிறது. தாய் தகப்பன் இரண்டும் சேர்ந்து முட்டையையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். அதனால் குஞ்சுகள் நிறையப் பிழைத்துவிடும்.

“விராலும் வேட்டை மீன்தானே சார், அதுவும் குஞ்சைக் காக்குமே?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. விரால் பெரும்பாலும் புல்லுக்குள்ளும் செடிக்குள்ளும் பதுங்கிக் காத்திருக்கும். நம் சின்ன மீன்கள் அதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து, தப்பிக்கும் வழியைப் பழகியிருக்கின்றன. திறந்த நீரில் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் துரத்தும் புதிய எதிரி அவற்றுக்குப் பழக்கமில்லை.

வெளியிலிருந்து வந்த மீன் எல்லாமே இப்படித்தானா? அப்படிச் சொல்ல முடியாது. நாம் கருவாடாகப் பொரித்துச் சாப்பிடும் செப்பாட் சியாம், பெயரே சொல்வதுபோல, தாய்லாந்திலிருந்து வந்தது. அது உணவு வலையின் கீழ்ப்படிகளில் மேய்வதால் இப்படி ஒரு வேட்டையாடும் தொல்லை அதனிடம் இல்லை. ஆனால் எந்த மீன் அடங்கியிருக்கும், எது வலையைக் கிழிக்கும் என்பது பெரும்பாலும் விட்ட பிறகுதான் தெரிகிறது. அப்போது அதைத் திரும்பப் பிடித்து முடிக்க முடியாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களுக்குப் பாயும் தண்ணீர் பெர்ணம் ஆற்றிலிருந்து கால்வாய் வழியாகத் தெங்கி ஆற்றுக்கு வந்து, அங்கிருந்து வயல்களுக்குப் பிரிகிறது. வழியில் அது வட சிலாங்கூர் கரிச்சதுப்புக் காட்டை ஒட்டி வருகிறது. அந்தக் காட்டுத் தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் இருக்கும். அமிலத்தன்மையும் அதிகம். அங்கே பாசி குறைவு. உதிர்ந்த இலைகளே உணவு வலைக்கு அடித்தளம். இலையைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் மட்கச் செய்கின்றன. அதை நம்பிப் பூச்சிப் புழுக்கள், அவற்றை நம்பிச் சின்ன மீன்கள்.

அந்தச் சின்ன மீன்களில் ஒன்று பெட்டா லிவிடா என்ற குட்டிச் சண்டை மீன். 1992இல்தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்தது. வட சிலாங்கூரின் அந்தச் சதுப்புக் காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதாகத் தெரியவில்லை. காடு அழிவதாலும் சதுப்பு காய்வதாலும் அது ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறது. ஆறும் கால்வாயும் தாலி ஆயரும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஓரிடத்தில் விடும் மீன் அந்த இடத்திலேயே நிற்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது

வீட்டுத் தொட்டியில் மீன் பெரிதாகிவிட்டதா? பரீட்சை நேரத்தில் பராமரிக்க முடியவில்லையா? பாவம், பிழைத்துப் போகட்டும் என்று வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்க விரும்பும் நண்பரிடம் கொடுங்கள். வாய்க்காலில் விட்டால், அந்த ஒரு மீனுக்குக் காட்டும் இரக்கம் அங்கே வாழும் பல மீன்களுக்கு வினையாக முடியலாம்.

இந்த வாரம் ஒரு பயிற்சி. உங்கள் வீட்டுக்கோ பள்ளிக்கோ அருகிலுள்ள ஒரு குட்டை அல்லது தாலி ஆயரைப் பெரியவர் ஒருவரோடு போய்ப் பாருங்கள். அங்கே வாழும் பத்து உயிர்களின் பெயரை எழுதி, உணவு வலை வரையுங்கள். அம்புக்குறி தின்னப்படும் உயிரிலிருந்து தின்னும் உயிரை நோக்கிப் போக வேண்டும். அது சக்தி போகும் திசை. பரீட்சையில் பலர் இதைத்தான் தலைகீழாகப் போடுகிறார்கள்.

வரைந்து முடித்ததும் சின்ன மீன்களின் பெயர்களை மட்டும் பென்சிலால் அடித்துவிடுங்கள். இனி எந்தெந்த அம்புக்குறிகளுக்குத் தொடக்கம் இல்லை, எவற்றுக்கு முடிவு இல்லை என்று எண்ணிப் பாருங்கள். காத்துன் ஏரியில் நடந்தது உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே தெரியும்.