பெரியவர்களோடு கடலோரம்: எந்த விடுதி சரிப்படும்?

கடற்கரை ரிசார்ட்டுகள் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்காரர்களின் நாளை மனத்தில் வைத்து நடத்தப்படுபவை. பகல் இரண்டு மணிக்குத்தான் அறை கிடைக்கும். மறுநாள் பதினொரு மணிக்குள் காலி செய்ய வேண்டும். காலைப் பலகாரம் ஏழரைக்குத் தொடங்கும். இரவுச் சாப்பாடும் ஏழரைக்கு மேல்தான். எழுபதைத் தாண்டியவரின் நாள் இப்படி ஓடுவதில்லை. விடியற்காலை நாலரைக்கு விழிப்பு, ஐந்து மணிக்குக் காபி, எட்டுக்குள் பலகாரம், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, பிறகு சற்றுக் கண்ணயர்தல், இரவு ஏழுக்கு இரண்டு இட்லி, மாத்திரை, படுக்கை. இந்த இரண்டு நேரங்களும் மோதும் இடத்தில்தான் முணுமுணுப்பு பிறக்கிறது. எதிலும் திருப்தி இல்லாதவர் என்று குடும்பத்தில் பேர் வாங்கியவரின் குறைகளில் பாதிக்கு மேல், காபி கிடைக்காத அந்த இரண்டரை மணி நேரத்திலும் குளியலறையில் கால் வழுக்கிவிடுமோ என்ற அச்சத்திலும் தொடங்குபவை. அச்சத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். அதனால் "சாம்பார் வாயில வைக்க முடியலை" என்று வெளிவருகிறது. விடுதி தேடுபவர்கள் கடலழகைப் பார்ப்பதற்கு முன் பெரியவரின் ஒரு நாளை மணிவாரியாக எழுதி வைத்துக்கொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும்.

அடுத்தது மாதமும் கரையும். தமிழ்நாட்டுக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். முன்பதிவு செய்துவிட்டு வானிலை அறிக்கையைப் பார்த்துக் கலங்க வேண்டியிருக்கும். ஜனவரியும் பிப்ரவரியும்தான் முதியவர்களுக்கு உகந்தவை: வெயில் தணிந்திருக்கும், இரவில் குளிர்சாதனம்கூடத் தேவைப்படாது. பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில்தான் போக முடியும் என்றால், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பும் வரை வெளியே கிளம்பாமல் இருப்பது நல்லது. வயது கூடக்கூடத் தாக உணர்வு மங்கும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடல் நீர் இன்னும் வேகமாகக் குறையும். கேரளக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளிப்பாக இருக்கும்.

மீன் இல்லாமல் சோறு இறங்காத பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும் என்றாலும் வஞ்சிரம், வவ்வால் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். "கடலோரத்துக்கு வந்தும் ஐஸ் மீனா?" என்று ஒரு முழு விடுமுறையே கசந்துபோகக்கூடும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களே ஏற்றுக்கொள்வார்கள்.

கடலில் கால் நனைக்க ஆசைப்படாத முதியவர் அபூர்வம். ஆனால் சென்னையிலிருந்து தெற்கே பல இடங்களில் கரை சட்டென்று சரியும். அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். முழங்காலளவு நீரில் நிற்பவர்கூட நிலைகுலையலாம். தூரத்துத் தென்கடலில் எழும் புயலால், உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் திடீரென உயரும் 'கள்ளக்கடல்' அலைகள் கேரளக் கரையையும் கன்னியாகுமரிக் கரையையும் தாக்குவதுண்டு. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. நிதானமாக முழுக்குப் போட வேண்டும் என்பவர்களுக்கு இராமேஸ்வரத்து அக்னி தீர்த்தம்போல அமைதியான இடம் வேறில்லை. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. இலங்கை பெருங்கடல் அலையை மறைத்துக்கொள்கிறது. ஆடி, தை அமாவாசைகளில் மட்டும் அங்கே கூட்டத்தில் முதியவர்களை அழைத்துச் செல்வது கடினம்.

அறையிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்பதை விளம்பரப் படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊர்ப்புறக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை விதித்தது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு 2019-இல் அது 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல ரிசார்ட்டுகளில் அறைக்கும் கடலுக்கும் நடுவே புல்வெளி, நீச்சல் குளம், சவுக்குத்தோப்பு, பிறகு மணல் என்று நீண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இருநூறு மீட்டர் இளையவர்களுக்கு மூன்று நிமிட நடை. முழங்கால் தேய்ந்தவருக்கு, அதுவும் காலை உள்ளே இழுக்கும் மணலில், அது பெரும்பாடு. பேட்டரி வண்டி உண்டா, அது மணலின் விளிம்பு வரை வருமா, வழியில் உட்காரப் பெஞ்சு இருக்கிறதா, பாதையில் இரவு விளக்கு எரியுமா என்று கேட்டே ஆக வேண்டும். நாற்காலியை மணலில் போட்டுத் தரும் விடுதி, கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் விடுதியைவிட மேலானது.

மணலே வேண்டாம், கடலைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்குப் புதுச்சேரி பொருத்தமான ஊர். அங்கே கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களை விடுவதில்லை. சமதளமான நடைபாதையில் காற்று வாங்கியபடி அவரவர் வேகத்தில் நடக்கலாம், கால் வலித்தால் உட்காரலாம். மணக்குள விநாயகர் கோயிலும் நடக்கும் தூரத்தில்தான். விடியற்காலையில் அந்தச் சாலையில் நடப்பவர்களில் கணிசமானோர் முதியவர்கள் என்பதே அதற்கான சான்று. சென்னையை அடுத்த கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் 2021-இல் 'நீலக் கொடி' சான்று பெற்றன. நீரின் தூய்மை, கழிப்பறை, உயிர்காப்பாளர், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி உள்ளிட்ட 33 அளவுகோல்களைப் பார்த்துத் தரப்படும் சான்று இது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால், போகும் ஆண்டில் நடப்பில் உள்ளதா என்று பார்ப்பது நல்லது. கேரளத்தின் வர்க்கலா கண்ணுக்கு விருந்துதான். ஆனால் செங்குத்தான குன்றின் மேல் விடுதிகள், கடல் கீழே, இடையில் படிகள். கைத்தடியோடு வருபவருக்குக் கடலைக் காட்டிவிட்டு அண்ட விடாமல் தடுக்கும் ஊர் அது. கன்னியாகுமரியில் அறையிலிருந்தே சூரிய உதயம் பார்க்கலாம். விவேகானந்தர் பாறைக்குப் படகேறுவதைத்தான் கூட்டமில்லாத வேளையாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அறைக்கு வருவோம். தரைத்தளம் வேண்டும், அல்லது லிப்ட் வேண்டும். 'தரைத்தளம்' என்று சொல்லிவிட்டு வாசலில் நான்கு படி வைத்திருக்கும் காட்டேஜ்கள் ஏராளம். சாய்தளம் இருந்தாலும் செங்குத்தாக இருந்தால் பயனில்லை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே சக்கர நாற்காலிக்கான பொது விதி. படுக்கை மிகவும் தாழ்வாகவும் மெத்தை அமுங்குவதாகவும் இருந்தால், எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருக்கும். தன் வீட்டில் தானாக எழுந்து நடமாடும் மனிதருக்கு அது உள்ளூர உறைக்கும்.

குளியலறைதான் உண்மையான பரீட்சை. பளபளக்கும் பளிங்குத் தரை, கண்ணாடித் தடுப்பு, வானம் பார்த்த ஷவர் என்று படத்தில் மயக்கும் அறைகளில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்காது. முதல் சிக்கல் வாளியில் தொடங்கும். அறுபது ஆண்டுகளாக வாளியில் வெந்நீர் நிரப்பி, மொண்டு ஊற்றிக் குளித்தவருக்கு ஷவர் குழாயில் எதைத் திருகினால் வெந்நீர், எது தண்ணீர் என்று பிடிபடாது. தலையில் கொதிநீர் விழுந்த பிறகு மறுபடி அந்தப் பக்கம் போக மாட்டார். ஒரு வாளி, ஒரு மக், உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், வழுக்காத ரப்பர் விரிப்பு ஆகிய நான்கையும் முன்கூட்டிக் கேட்டால் பல விடுதிகள் எடுத்து வைத்துவிடும். கழிப்பறைக்கு அருகில் சுவர்க் கம்பி உண்டா, கதவு வெளிப்பக்கம் திறக்குமா என்பதும் முக்கியம். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. இரவில் இரண்டு, மூன்று முறை எழுந்து போகிறவருக்குப் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு சிறு விளக்கு விடிய விடிய எரிய வேண்டும்.

மருந்து விஷயத்தில் யாரும் எண்ணிப் பார்க்காத ஒன்று உண்டு. பல விடுதிகளில் சாவி அட்டையைச் சுவரில் செருகினால்தான் அறைக்கு மின்சாரம். எல்லோரும் வெளியே போகும்போது அட்டையை உருவினால் சில இடங்களில் குளிர்பெட்டியும் அணைந்துவிடும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனா, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம்வரை தாங்கும். கடலோரக் கோடையில் பூட்டிய அறை அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். உறைநிலைப் பகுதியை ஒட்டி வைத்து உறைந்துபோன இன்சுலினும் பயன்படாது. அட்டையை எடுத்தாலும் குளிர்பெட்டி ஓடுமா என்று கேட்டுவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு ஆபத்து மணலிலேயே இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பவருக்குப் பகல் மணலின் சூடு தெரியாது. அறைக்குத் திரும்பிய பிறகுதான் கொப்புளம் தெரியும். மூடிய செருப்பு இல்லாமல் மணலில் இறங்க விடக் கூடாது. இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடையும், அவசரச் சிகிச்சை உள்ள மருத்துவமனையும் எத்தனை நிமிடத்தில் என்பதைக் கேட்டறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தனிமையான தீவு விடுதிகள் இந்த ஒரு காரணத்தாலேயே பட்டியலிலிருந்து கழிந்துவிடும்.

சாப்பாட்டில்தான் சண்டை அதிகம். விடுதியின் பஃபேயில் நாற்பது வகை இருக்கும். அதில் பெரியவர் தட்டில் போட்டுக்கொள்ள மூன்று தேறாது. தட்டை ஏந்தி வரிசையில் நிற்பதும் அவருக்குப் பழக்கமில்லை. மேஜைக்கே கொண்டுவந்து பரிமாறுவார்களா என்று கேட்கலாம். ரசம் சாதம், இட்லி, கஞ்சி, காரமில்லாத பொரியல் இவற்றைச் சொன்ன நேரத்தில் தரும் சமையலறை இருந்தால் மற்றதெல்லாம் தானே அடங்கும். தூய சைவக்காரர்களுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் உண்டா என்பது வெறும் விருப்பம் அல்ல, மனசாட்சி தொடர்பானது. "எல்லாம் ஒன்றுதான், பேசாமல் சாப்பிடுங்க" என்று அடக்குவது அவமதிப்பு. அத்தகைய குடும்பங்கள் சைவ உணவகங்கள் பக்கத்தில் உள்ள மாமல்லபுரம், புதுச்சேரி போன்ற ஊர்களில் அறை எடுப்பது எளிது. அறையில் வைக்கும் கெட்டிலும் பால்பொடிப் பொட்டலமும் டிகாக்‌ஷன் காபிக்கு ஈடாகாது. ஃப்ளாஸ்க்கை இரவே சமையலறையில் கொடுத்து, ஐந்து மணிக்குக் காபிக்கு ஏற்பாடு செய்துகொண்டால் காலைப் பொழுது நல்லபடியாக விடியும்.

விலையைப் பார்த்து மனம் சுருங்குவதும் அந்தத் தலைமுறையின் இயல்பு. "ரெண்டு இட்லிக்கு இருநூத்தம்பது ரூபாயா?" என்ற கேள்விக்குப் பின்னால், சிறுகச் சிறுகச் சேர்த்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு வாழ்நாள் இருக்கிறது. அதைக் கேலி செய்யாமல், காலை, இரவு உணவு வாடகையிலேயே அடங்கிய திட்டத்தை எடுத்தால் மெனு அட்டையின் விலை உறுத்தாது.

கடலை எத்தனை நேரம்தான் பார்ப்பது? முதியவர்களுக்குப் போய்வர ஓர் இடம் வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் வழிபாடு கிடையாது. சாமி கும்பிட நினைப்பவரை அங்கே மட்டும் அழைத்துப்போனால் ஏமாற்றம்தான். அதே ஊரில் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் வழியில் திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாளும் உண்டு. பழைய வீடுகளைப் பார்க்கப் பிடிப்பவர்களுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ரா ஒரு காலைப்பொழுதை நிறைக்கும். 1620-இல் டேனியர்கள் கோட்டை கட்டத் தொடங்கிய தரங்கம்பாடி, கூட்டமில்லாத கடலோர ஊர். அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் நடக்கும் திருக்கடையூர் அதன் பக்கத்தில்தான். நாகப்பட்டினத்தில் தங்கினால் ஒருபுறம் நாகூர் தர்கா, மறுபுறம் வேளாங்கண்ணி மாதா கோயில். நாத்தனாரோ தம்பியோ பழைய சிநேகிதரோ, அவர் வயதில் இன்னொருவரையும் கூட்டிப்போனால் எந்த இடமும் களைகட்டும். பேரப்பிள்ளைகளையும் பெட்டிகளையும் காவல் காக்க அவரை அறையில் விட்டுவிட்டு இளையவர்கள் கடலில் விளையாடுவது மட்டும் தகாது. அப்படிக் கழிந்த விடுமுறையைப் பற்றிப் பெரியவர் குறை சொன்னால் அதில் நியாயம் உண்டு.

சத்தத்தையும் விசாரிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் கல்யாணம், அலுவலகக் கொண்டாட்டம் என்றால் இரவு வெகுநேரம் ஒலிபெருக்கி அடங்காது. எந்தத் தேதியில் விழா இருக்கிறது என்று கேட்டால் விடுதிக்காரர் சொல்லிவிடுவார். வெள்ளி, சனி தவிர்த்து வார நாளில் போனால் வாடகையும் குறையும், அமைதியும் கிடைக்கும்.

முடிவெடுப்பதில் பெரியவருக்குப் பங்கு வேண்டும். "அத்தை, எங்கே போகலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் "எனக்கென்னம்மா, நீங்க எங்கே கூட்டிப்போனாலும் சரி" என்ற பதில்தான் வரும். அதை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் போன இடத்தில் விழிப்பார்கள். "மாமல்லபுரத்தில் கோயில் பக்கம், புதுச்சேரியில் நடக்க வசதி. எது வேணும் அத்தை?" என்று இரண்டை மட்டும் முன்வைத்தால் அவரே தேர்ந்தெடுப்பார். தான் தேர்ந்த இடத்தின் சிறு குறைகளை அவர் பெரிதுபடுத்த மாட்டார். முன்பதிவு இணையத்தில் செய்தாலும், விடுதியைத் தொலைபேசியில் அழைத்து வாளி முதல் காபி வரை ஒவ்வொன்றாகக் கேட்பது அவசியம். எடுத்த எடுப்பில் "எல்லாம் இருக்கு சார்" என்பவரைவிட, "கம்பி இல்லை, ஸ்டூல் போட்டுத் தருகிறோம்" என்பவரை நம்பலாம். நண்பகலுக்கு முன்பே அறை கிடைக்குமா, உடம்பு முடியாமல் பயணம் நின்றுபோனால் எத்தனை நாளுக்கு முன் சொன்னால் பணம் திரும்பும் என்பதையும் அதே அழைப்பில் கேட்டு, வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் பயணம் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடும் இடமாக, இரண்டு இரவுக்கு மிகாமல் இருக்கட்டும்.